குணேஸ்வரியின் கூ

மூன்றாவது கூவுக்கும் பாலச்சந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பாத்தி நிரம்பி, வரம்பை உடைத்துக்கொண்டு, நட்டு ஒன்பதே நாளான வெங்காயத்தின்மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குணேஸ்வரி மண்வெட்டியை எறிந்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து நான்காவது தடவையும் கூக்காட்டினாள். தோட்டத்தின் அந்தக் கோடியில், கிணற்றடியில், தண்ணீர் இறைக்கிற மிசினுக்குப் பக்கத்தில் அவளுடைய புருசன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கல்லும் ஒன்று, அவரும் ஒன்று.

அப்போதுதான் அல்பொன்சா வந்தாள். சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாம்புரியில் வீடுவீடாக மீன் விற்கிறவள். கிணற்றடி வேலியோடு சைக்கிளைச் சாய்த்தாள், அவருக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். மனுசன் குனிந்து மிசினை நிற்பாட்டினார். நிற்பாட்டியது மட்டுமா, அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கவும் சிரித்தார்.

கணுக்கால் அளவு சேற்றில் நின்ற குணேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

இந்தக் கூ லேசுப்பட்ட கூ இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வன்னியில் தோட்டம் செய்த காலத்திலேயே இவர்களுடைய வேலைமுறை இதுதான். அவர் மிசினடியில் நிற்பார், அவள் வரம்பை வெட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு போவாள். கடைசிப் பாத்தி நிரம்பியதும் ஒரு கூ. அவளுக்கு மெல்லிய, ஊசி போன்ற குரல். மிசின் எவ்வளவு இரைந்தாலும் அந்தக் குரல் இடையால் நுழைந்து போய் அவருடைய காதில் ஏறும், மறுகணம் மிசின் நிற்கும். சண்டைக்குள் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்து, முகாமில் கிடந்து, பிறகு மாம்புரி மணலில் தோட்டம் தொடங்கியபோது வீட்டுச் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை, கூ மட்டும் கூடவே வந்தது. முப்பத்தாறு வருசத்தில் அவர் இரண்டாவது கூவுக்குக் காத்திருந்தது கிடையாது. "உங்கட மனுசனை நல்லாத்தான் பழக்கி வைச்சிருக்கிறியள்" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். வெளியில் முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை!

இப்போது நான்கு கூவும் காற்றோடு போயிற்று. மீன்காரி ஒரு சொல் சொன்னாள், மிசின் நின்றது.

அன்றிலிருந்து குணேஸ்வரி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குசினிக்குள்ளிருந்து "தேத்தண்ணி ஆறுது, வாருங்கோ" என்றால் பதில் வராது. அல்பொன்சா வேலிக்கு அங்கால் நின்று "அண்ணே, இண்டைக்குச் சூடை மீன் இருக்கு" என்றால் போதும், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிடுவார். விறாந்தையின் நடுவில் கிடந்த அவருடைய கதிரை எப்படியோ வேலிப்பக்கம் நகர்ந்துவிட்டது. காலையில் ஒன்பது மணியானால் அதில் உட்கார்ந்து வழி பார்ப்பார். அவள் வந்ததும் இரண்டு பேரும் தலையைக் கிட்ட வைத்துக்கொண்டு கதைப்பார்கள். கால் மணித்தியாலம், சில நாளில் அதற்கும் மேலே. மீன் வாங்க அவ்வளவு நேரமா? அதற்குள் கடலுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாமே!

"அப்பிடி என்ன கதை அவளோட?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஓம் ஓம்" என்றார் அவர்.

என்ன கேள்விக்கு என்ன பதில்! இப்போதெல்லாம் அவளுக்குக் கிடைப்பது இந்த ஓம் ஓம் மட்டும்தான். தலையை ஆட்டி, அரைச் சிரிப்புச் சிரித்து, கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஓம். கோபம் வந்தால் அவளுடைய குரல் மேலே ஏறும். அது ஏற ஏற அவர் இன்னும் கேளாதவர் மாதிரி இருப்பார். நடிப்பு என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அந்த அல்பொன்சா அப்படி என்ன பேரழகி? ஐம்பத்தெட்டு வயது. புருசனைக் கடலுக்குக் கொடுத்துப் பன்னிரண்டு வருசம். வெயிலில் கறுத்த முகம், வலை இழுக்கிறவன் கை. குரலோ, சும்மா சொல்லக்கூடாது, அண்டாவுக்குள் தலையை விட்டுக் கதைப்பது மாதிரித் தடித்த குரல். தொலைபேசியில் அவளை ஐயா என்று கூப்பிட்டவர்கள் உண்டு. இந்தக் குரலில் என்ன இனிப்பைக் கண்டார் இந்த மனுசன்? குணேஸ்வரி அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று தன்னைப் பார்த்தாள். அறுபத்தொரு வயது, பாதி நரை. ஆனாலும் அவளைவிட நீ எவ்வளவோ மேல் என்றுதான் கண்ணாடி சொல்லியது. அது எரிச்சலை இன்னும் கூட்டியது. தன்னிலும் வடிவானவளிடம் தோற்றால் ஒரு ஆறுதலாவது மிஞ்சும்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அல்பொன்சா அவளுடைய சிநேகிதி. மீனை வாங்கியதும் பின்வளவில் குந்தி அவளே வெட்டிக் கழுவிக் கொடுப்பாள். வெட்டி முடியும்வரை குணேஸ்வரி தன் வீட்டுக் கதை முழுவதையும் அவளுக்கு முன்னால் கொட்டுவாள். கனடாவிலிருக்கும் மகள் தர்சனா என்ன சொன்னாள், பேரப்பிள்ளைக்கு எத்தனையாவது பல், தனக்கு எந்த முழங்கால் உளைவு, புருசனில் என்ன குறை, ஒன்றும் மிச்சமில்லை. அப்படிப்பட்டவளே வீட்டுக்குள் கை வைத்துவிட்டாளே!

குணேஸ்வரி வாயைப் பூட்டிக்கொண்டாள். அல்பொன்சா படலையைத் திறந்தால் எழும்பி உள்ளே போனாள். எத்தாளையிலிருந்து வருகிற வேறொருவனிடம் மீன் வாங்கினாள். பாதி நாள் பழுதான கீரிமீன்தான். இருந்தாலும் பிடிவாதமாக அதையே வாங்கி, புளியைக் கூட விட்டுக் காய்ச்சினாள்.

"என்னக்கா, என்னோட கோவமா?" என்றாள் அல்பொன்சா.

"எனக்கென்ன கோவம்? ஆருக்கு ஆரோட கதைக்க விருப்பமோ அவையோட கதைக்கட்டும்."

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. வேலியடிச் சந்திப்பு நிற்கவில்லை. ஆனால் அவர் அங்கே போய்விட்டு வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. சோறும் சரியாக இறங்கவில்லை. ஐயோ, ஏக்கம் பிடித்துவிட்டது மனுசனுக்கு, அறுபத்தேழு வயதில்! குணேஸ்வரி இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்சனா தொலைபேசியில் கதைத்தாள். "அம்மா, நான் சொல்லுறது ஒண்டும் அப்பாவுக்கு விளங்குதில்லை. என்ர மனுசன் கதைச்சா விளங்குது. ஒருக்காக் காதைக் காட்டுங்கோவன்."

"அவற்ற காதுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றாள் குணேஸ்வரி. "ஆற்ற சத்தம் கேக்கவேணுமோ அது கேக்குது. வருத்தம் வேற இடத்தில."

அதை நிரூபிக்கத்தான் அந்தச் சோதனையை வைத்தாள். ஒருநாள் காலை, அவர் கதிரையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அல்பொன்சா அன்று கடற்கரைப் பாதையால் வந்து பின்வளவுக்குள் சைக்கிளை விட்டாள். குணேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் பத்தடியில் நிறுத்தினாள்.

"அசையாமல் நில்லு."

பிறகு தானே முதலில் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ!" அவர் அசையவில்லை. "இஞ்சேருங்கோ! உங்களைத்தான்!" தொண்டை கிழிந்துபோகும் அளவுக்குக் கத்தினாள். முருங்கையில் இருந்த காகம் பறந்தது. அவர் காலை ஆட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"இப்ப நீ கூப்பிடு."

"அக்கா, எதுக்கு இது..."

"கூப்பிடடி!"

"அண்ணே" என்றாள் அல்பொன்சா, சாதாரணக் குரலில். பாலச்சந்திரன் திரும்பினார்.

முப்பத்தாறு வருசம் தனக்கென்று இருந்த ஒன்றை, தன் கண்ணுக்கு முன்னாலேயே ஒருத்தி ஒரு சொல்லில் எடுத்துக்கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா நிற்பார்கள்? அவள் நிற்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். விதவைக்கு வேறு வீடு கிடைக்கவில்லையோ என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

"சேசுவே!" என்று அல்பொன்சா நெஞ்சில் கை வைத்தாள். "நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்டுமில்லக்கா. மொதல்ல அண்ணனைக் காது பாக்கிற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"என்ர மனுசன்ர காதைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தாறியோ? இனிமேல் இந்த வளவுக்குள்ள கால் வைக்காதை!"

அல்பொன்சா அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போனாள். இருவருக்கும் இடையில் ஏதோ ஒளிப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தக் கணத்தில்தான் குணேஸ்வரி முடிவெடுத்தாள். சரி, காது பார்க்கிற இடத்துக்கே போவோம். காதில் ஒரு குறையுமில்லை என்று கடதாசியில் எழுதி வாங்குவோம். அந்தக் கடதாசியை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தால் பிறகு எந்த ஓம் ஓமைச் சொல்லித் தப்புவார், பார்ப்போம்.

பாலாவியில் பஸ் மாறி இருவரும் புத்தளத்துக்குப் போனார்கள். காது பரிசோதிக்கிற இடத்தில் ஹிதாயா என்ற பெண் இருந்தாள். முப்பது வயது மதிக்கலாம், சாம்பல் நிறப் பர்தாவுக்குள் சிரித்த முகம். பாலச்சந்திரனை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமத்த வேண்டும். குணேஸ்வரி வெளியிலிருந்து அவருடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் விரல் துடியாட்டமாக அமத்தியது. பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்தது. கடைசியில் அவர் பொத்தானின்மேல் விரலை வைத்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

"காது நல்லாத்தானே இருக்கு? அதை ஒருக்கா எழுதித் தாங்கோ பிள்ளை" என்றாள் குணேஸ்வரி.

ஹிதாயா கோடு கீறிய ஒரு கடதாசியை மேசையில் வைத்தாள். "இந்தக் கோட்டைப் பாருங்கம்மா. இந்தப் பக்கம் தடிச்ச சத்தம். மிசின் சத்தம், ஆம்புளக் குரல். அதெல்லாம் ஐயாவுக்கு நல்லாக் கேக்குது. இங்கால வர வர மெல்லிய சத்தம். குருவி, சின்னப் புள்ளைங்கட குரல், மெல்லிய குரல் உள்ள பொம்புளைங்க. இந்த எடத்துல பாருங்க, கோடு அப்புடியே விழுந்துட்டு. வயசு போகப் போகக் காது இந்தப் பக்கத்துல இருந்துதான் கொறையும். ஐயா வருசக்கணக்கா மிசினடியில நிண்டதால இன்னும் கூடவாக் கொறைஞ்சிருக்கு."

"அப்ப என்ர குரல்?"

ஹிதாயா கோடு விழுந்த இடத்தில் பேனையை வைத்தாள். "இங்க. கத்தினா இன்னும் மேல போகும். நீங்க கத்தக் கத்த ஐயாவுக்கு வெளங்காது."

குணேஸ்வரி குனிந்து அந்தப் பேனை முனையைப் பார்த்தாள். ஆனால் அடங்கினாளா? அதுதான் இல்லை. "தடிச்ச குரல் உள்ள பொம்பிளை எண்டால்?"

"அது கேக்கும். அதனால நீங்களும் கொஞ்சம் தாழ்ந்த கொரல்ல கதைச்சுப் பழகுங்க. பின்னால நிண்டு கூப்புடாதீங்க, முன்னால வந்து மொகத்தைப் பாத்துக் கதைங்க, ஆறுதலா. டீவி ஓடிக்கிட்டு இருந்தா நிப்பாட்டிட்டுக் கதைங்க. காதுக்குப் போடுற மெசின் ஒண்டும் தாரோம். மிசினடியில நிக்கக்குள்ள மட்டும் அதைக் கழட்டிட்டுக் காதுமூடி போடணும்."

தாழ்ந்த குரல், தடித்த குரல். அப்படியென்றால் தன் புருசனோடு கதைக்க இனிமேல் அவளுடைய குரலைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமோ! இப்படி ஒரு தண்டனையை யார் கேட்டார்கள்?

ஹிதாயா அவருக்கு நேரே குனிந்து கேட்டாள். "எப்ப இருந்து ஐயா இப்புடி?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏன் வீட்டுல சொல்லல்ல?"

பாலச்சந்திரன் மடியிலிருந்த கைகளைப் பார்த்தார். மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

"வேற சத்தமெண்டால் சொல்லியிருப்பன் பிள்ளை. முதல்ல போனது இவளின்ர கூ. அதை எப்பிடி இவளிட்டயே சொல்லுறது? மீன் கொண்டுவாற அல்பொன்சாவிட்டத்தான் சொன்னன். அவளின்ர கதை எனக்கு விளங்கும். இவள் கை குவிக்கிறதைக் கடைக்கண்ணால பாத்துத்தான் இவ்வளவு நாளும் மிசினை நிற்பாட்டினனான், நான் காணாட்டில், இவள் கூக்காட்டுறதைக் கண்டால் எனக்குச் சொல்லு எண்டு கேட்டு வைச்சன். நேற்று இவள் என்ன சொன்னவள், எதுக்குக் கோவிச்சவள், பிள்ளை கனடாவில இருந்து என்ன கதைச்சவள், எல்லாம் அவளைக் கேட்டுத்தான் அறியிறனான். இப்ப ரெண்டு மாசமா அதுவும் இல்லை. இவள் அவளோட கதைக்கிறேல்லையாம். வீட்டில என்ன நடக்குதெண்டே எனக்குத் தெரியாது."

குணேஸ்வரி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலியடியில் நடந்த அத்தனை கால் மணித்தியாலமும் அவள்தானா? தலையைக் கிட்ட வைத்துக்கொண்டு கதைத்ததெல்லாம் அவளுடைய முழங்கால் உளைவும், அவளுடைய பேரப்பிள்ளையின் பல்லும்தானா? அந்த மனுசனுக்குத் தன்னிடமிருந்து போய்க்கொண்டிருந்த ஒரே வழியை இரண்டு மாதமாகத் தானே அடைத்து வைத்திருந்தோமா?

வெட்கம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. "அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! ரெண்டு வருசமா என்ர கதையை அவளின்ர வாயாலயோ கேட்டனீங்கள்?" என்று கத்தினாள்.

"ஓம் ஓம்" என்று அவர் தலையை ஆட்டினார்.

ஹிதாயா பேனையால் அந்தக் கோட்டைத் தட்டினாள். குணேஸ்வரி கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அவருடைய முழங்காலில் கை வைத்தாள். எச்சிலை விழுங்கி, தனக்கே பிடிக்காத ஒரு தடித்த குரலை எங்கிருந்தோ இழுத்தெடுத்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

இந்த முறை அவருக்கு விளங்கியது. கண் நிரம்பிவிட்டது.

"சொன்னால் நீ கூக்காட்டுறதை விட்டிடுவாயெல்லோ" என்றார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் குணேஸ்வரி பீற்றூட் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு அல்பொன்சாவின் வீட்டுக்கு நடந்தாள். போகும் வழியெல்லாம் மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்ததும் வாயில் வந்தது வேறு.

"நான் சொன்னதெல்லாம் பிழை. அது கிடக்கட்டும். நீ எப்பிடி இந்தக் குரலை எடுக்கிறாய்? எனக்கும் காட்டித் தா."

அல்பொன்சா முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆண்டவர் குடுத்தது, நான் என்னத்தைக் காட்டித் தர? இந்தக் கொரலைக் கேட்டுட்டு என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டு பேரு திரும்பிப் போனாங்க. நீங்க கூப் போடக்குள்ள நான் சைக்கிளை நிப்பாட்டிக் கேட்டிருக்கேன் அக்கா. எரிச்சலா இருக்கும். எனக்கு இப்புடி ஒரு கொரல் இல்லையே, கூப்புட ஒரு ஆளும் இல்லையே எண்டு."

இதைக் கேட்டதும் குணேஸ்வரிக்கு மனசில் பாலை வார்த்தது போலிருந்தது. யாரோ ஒருவர் தன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார் என்பதைப்போல ஆறுதல் தரும் சேதி வேறு என்ன இருக்கிறது? அன்றே பின்வளவில் மீன் வெட்டு மறுபடியும் தொடங்கியது.

ஒரு மாதம் கழித்துக் காது மெசின் வந்தது. முதல் கிழமை அவர் படாத பாடு பட்டார். கோப்பை வைத்தால் துள்ளினார், விளக்குமாற்றுச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினார். பழக நாள் எடுக்கும், கழற்றி வைத்துவிட வேண்டாம் என்று ஹிதாயா சொல்லி அனுப்பியிருந்தாள். குணேஸ்வரி அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, ஆறுதலாகக் கதைக்கப் பழகினாள். கோபம் வரும்போது மட்டும் மறந்துபோகும். தோட்டத்துக்குப் புது ஒழுங்கு வந்தது. மிசின் ஓடும்போது அவர் காதுமூடி போட்டுக்கொண்டு அவளிருக்கும் பக்கம் பார்த்து நிற்பார், கடைசிப் பாத்தியில் அவள் சிவப்புத் துணியை உயர்த்துவாள். கூவுக்கு இனி வேலை இல்லை. அதை நினைக்கும்போது அவள் துணியைத் தேவைக்கு மேலே பலமாக ஆட்டுவாள்.

மூன்றாவது கிழமை ஒரு காலை. மிசினை இன்னும் இழுத்து ஓடவிடவில்லை. காது மெசினைக் கழற்றாமல், காதுமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "கடைசிப் பாத்திக்குப் போ. போய் ஒருக்காக் கூக்காட்டு."

அந்த நேரம் பார்த்தா அல்பொன்சா வேலியோடு சைக்கிளைச் சாய்க்க வேண்டும்! கேட்காவிட்டால்? இவளுக்கு முன்னால், மறுபடியும், கேட்காவிட்டால்? வேண்டாம் என்று சொல்லத்தான் குணேஸ்வரி நினைத்தாள். ஆனால் அவர் அதற்குள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார், அந்தக் காலத்தில் நின்றதுபோலவே.

வெங்காயப் பாத்திகளை எல்லாம் கடந்து கடைசிப் பாத்திக்குப் போனாள். கையைக் குவித்தாள். தாழ்ந்த குரலா, தன் குரலா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு, வந்தது வரட்டும் என்று தன்னுடைய அந்த ஊசிக் குரலையே எடுத்து விட்டாள்.

"கூ...!"

அவருடைய கை தானாகவே நீண்டது. ஓடாத மிசினின் சுவிச்சை அமத்தி நிற்பாட்டியது. அமத்திய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. அந்தக் கையை எடுக்காமல் மிசினின்மேல் வைத்தபடி அப்படியே குனிந்து நின்றார். தோள் குலுங்கியது.

குணேஸ்வரி அவரிடம் ஓடத்தான் வேண்டும். ஓடுவதற்கு முன்னால் வேலிப்பக்கம் திரும்பினாள்.

"கண்டனியோடி அல்பொன்சா?" என்று அங்கிருந்தே கீச்சிட்டாள். "ஒரே ஒரு கூ!"

"கண்டேன், கண்டேன்" என்றாள் அல்பொன்சா, சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு. அவளுடைய குரலில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. குணேஸ்வரிக்கு அது போதுமாயிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெங்காயப் பாத்திகளுக்குக் குறுக்கால் ஓடினாள்.